வருந்துகிறேன், அம்மா

பிரியந்தி பத்திநாதர் மொன்ட்ரியாலில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தாள். தமிழில் ஒருவர் சொல்வதைப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி "நான்" என்றால் அவளும் "நான்" என்பாள். ஒருவர் "என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள்" என்று சொன்னால், பிரெஞ்சில் அவளும் "என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள்" என்றே சொல்வாள். வேலை தொடங்கிய காலத்தில் அது ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மாலையில் சென்ட் லோரன்ட்டில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, பகலில் சொன்ன எதுவும் தன்னோடு வருவதில்லை என்று அவள் நம்பினாள்.

அதே கட்டடத்தில் சுவாஹிலி மொழிபெயர்த்தவர் முகிஷோ. கொங்கோவின் கிழக்கே புக்காவு நகரத்தவர், ஐம்பது வயதிருக்கும். விசாரணை தாமதமாகும் நாட்களில் இருவரும் தாழ்வாரத்து இயந்திரக் கோப்பியைக் குடித்துக்கொண்டு கதைப்பார்கள். அவருக்கு மொன்ட்ரியால்-நோரில் ஒரு நாடகக் குழு இருந்தது. நானூறு வருடங்களுக்கு முன்பு பிரெஞ்சில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று நாடகத்தைத் தானே சுவாஹிலியில் பெயர்த்து மேடையேற்றப்போவதாக அவர் சொன்னார். பேசுவது சுவாஹிலியில், மேடைக்கு மேலே ஒரு திரையில் பிரெஞ்சு எழுத்து ஓடும்.

"இவ்வளவு பழைய வெள்ளைக்கார ராசாவின் கதை உங்களுக்கு எதற்கு?" என்று பிரியந்தி கேட்டாள்.

"தன் சொந்த நகரத்தையே முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட ராசா அவன். எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை" என்றார் முகிஷோ.

புக்காவுவில் இளைஞனாக இருந்தபோது அந்த நாடகத்தை முதலில் பிரெஞ்சிலேயே போட்டிருக்கிறார். சனம் மரியாதையாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு சுவாஹிலியில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் போட்டார். முற்றுகைக் காட்சியில் ஒரு பாத்திரம் உப்பின் விலையைச் சொன்னதும், பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து, "பொய்! எங்களுக்கு அதைவிடக் கூட விலைக்கு விற்றார்கள்!" என்று சத்தம் போட்டார்களாம். அதைச் சொல்லும்போது முகிஷோ தாழ்வாரத்தில் நின்று அந்தப் பெண்களைப் போலவே கையை ஆட்டிக் காட்டினார்.

மாசி மாதத்தில் அவர் ஒத்திகைக்கும் நாடகத்துக்கும் வைத்திருந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, முதல் மேடையேற்றத்துக்கு இடம் இல்லாமல் போயிற்று. பிரியந்தி தன் பங்குக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நீக்கிலாப்பிள்ளை என்ற மன்னார்க்காரர்.

"தவக்காலத்தில ராசா நாடகம் போடலாமோ?" என்று அவர் யோசித்தார்.

"சந்தோசமா ஒண்டும் இல்லை ஐயா. சண்டையும் சாவும்தான்."

"அப்ப சரி. ஆனா எங்கட சனத்துக்கும் விளங்கவேணும். அந்தத் திரையில தமிழும் போடு. இல்லாட்டி வந்து குந்தியிருந்து நித்திரை கொள்ளுவினம்."

இப்படித்தான் நாடகத்தின் தமிழ் வரிகள் அவள் தலையில் விழுந்தன. வார இறுதிகளில் அவள் முகிஷோவின் பக்கத்தில் இருந்து, பிரெஞ்சையும் பார்த்து, சுவாஹிலியையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். படைத்தலைவர்களின் நீண்ட பேச்சுகளைத் திரையில் இரண்டு வரிக்குள் அடக்க வேண்டியிருந்தது. அது அவளுக்குச் சிரமமாக இல்லை. சிரமம் கடைசிக் காட்சியில் வந்தது.

நகரம் விழுந்துவிட்டது. அரசன் உள்ளே வருகிறான். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அவன் முன்னால் வந்து நிற்கிறாள். அவன் அவளைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறான். நாடகம் முடிகிறது. மூலத்தில் உள்ள பிரெஞ்சுச் சொல்லை இரண்டு விதமாகவும் எடுக்கலாம்: உனக்கு நடந்ததற்காகக் கவலைப்படுகிறேன் என்றும், நான் செய்ததற்காகக் கவலைப்படுகிறேன் என்றும். சுவாஹிலியில் அப்படி நடுவில் நிற்க இடமில்லை. முகிஷோ எழுதியிருந்தது: "போலே, மாமா." சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா.

"போலே என்றால் மன்னிப்பா?" என்று பிரியந்தி கேட்டாள்.

"இல்லை. நீங்கள் வெளியே பனியில் சறுக்கி விழுந்தால் நான் போலே என்பேன். காய்ச்சல் என்றால் போலே. நான் தள்ளிவிட்டு நீங்கள் விழுந்தால்தான் வேறு சொல். நிசாமெஹே. என்னை மன்னித்துவிடு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஃபுராஹா. தாயாக நடித்தவள். முப்பது வயது தாண்டியிருக்காது. லாசாலில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்க்கிறாள். அவள் கையிலிருந்த பிரதியை மேசையில் வைத்தாள்.

"அன்று பள்ளிக்கூட முற்றத்தில் நீங்கள் ராசாவை நிசாமெஹே என்றுதான் சொல்லவைத்தீர்கள்" என்றாள்.

முகிஷோ திரும்பிப் பார்த்தார். "நீ அங்கே இருந்தாயா?"

"எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவைச் சுட்டு அடுத்த வருடம். அம்மா கூட்டிக்கொண்டு வந்தா. ராசா வேசம் போட்டவர் எங்களைப் பார்த்து, மன்னித்துவிடு என்றார். நான் கைதட்டினேன். எல்லாரும் தட்டினார்கள். இங்கே இந்த நாடகம் என்று கேள்விப்பட்டதும் அந்த வார்த்தைக்காகத்தான் வந்தேன். எனக்கு நடிக்கத் தெரியாது என்று உங்களுக்கே தெரியும்."

ராசாவாக நடிக்க இருந்தவர் வேலை கிடைத்து ஒட்டாவாவுக்குப் போய்விட்டதால், அந்த வேசம் இப்போது முகிஷோவுடையது.

"கைதட்டியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது" என்றார். "கைதட்டிவிட்டு எல்லாரும் ஆறுதலாக வீட்டுக்குப் போனீர்கள். நான் மேடையில் நின்று யோசித்தேன். எந்த ராசா சொன்னான்? ஒருவனும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி உங்களை அனுப்பிவைத்திருக்கிறேன். அதை இனிச் செய்யமாட்டேன்."

"ஒரு நாள், ஒரு மேடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?"

"இது வரலாற்று நாடகம், ஃபுராஹா."

"அப்படியென்றால் அந்தத் தாய் உண்மையில் இருந்தாளா? அவளையும் யாரோ எழுதித்தானே வைத்தார்கள்?"

முகிஷோ சொல்லை மாற்றவில்லை. ஃபுராஹா கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஒத்திகைக்கு வரமாட்டாளோ என்று எல்லோரும் பயந்தார்கள். வந்தாள். தன் இடத்தில் நின்று, தன் வரிகளைச் சொன்னாள். முகிஷோவுடன் தேவைக்கு மேல் கதைக்கவில்லை.

பிரியந்தி தமிழ் வரிக்குப் பல சொற்களைப் போட்டுப் பார்த்தாள். "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பது பிழை. "கவலைப்படாதேயுங்கள்" என்பது வேறு அர்த்தம். கடைசியில் "வருந்துகிறேன், அம்மா" என்று எழுதினாள். மூலத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. தன்னுடைய வேலை சரியாக முடிந்தது என்ற திருப்தி அவளுக்கு ஏற்பட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தரைப் பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம். மண்டபத்தின் ஒரு பக்கம் கொங்கோக்காரர்கள், மறுபக்கம் தமிழர்கள். யாரும் பிரித்து இருத்தவில்லை. தாங்களாக அப்படி இருந்துவிட்டார்கள். சப்பாத்துகளில் இருந்து உருகிய பனித்தண்ணீர் கதிரைகளுக்குக் கீழே ஓடியது. பிரியந்தியின் தாய் அக்னெஸ் மூன்றாவது வரிசையில், குளிர் தொப்பியைக் கழற்றாமல் இருந்தாள். பிரியந்தி பின்னால் ஒரு மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். ஒரு வரி பேசி முடிய ஒரு பொத்தானை அமத்த வேண்டும். பிரெஞ்சு மேலும் தமிழ் கீழுமாகத் திரையில் வரும்.

நாடகம் நன்றாகவே போனது. தமிழர்கள் நித்திரை கொள்ளவில்லை. நகரத்துக்குள் மாவு முடிந்துபோன காட்சியில் நீக்கிலாப்பிள்ளை பக்கத்தில் இருந்தவருக்கு, "கடைசியில எங்களுக்கும் உதே கஞ்சிதான்" என்று சொன்னது பின்வரிசை வரை கேட்டது.

கடைசிக் காட்சி வந்தது. முகிஷோ தகர முடியோடு உள்ளே வந்தார். ஃபுராஹா அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் அவளை நேராகப் பார்த்து, தணிந்த குரலில், "போலே, மாமா" என்றார். பிரியந்தி பொத்தானை அமத்தினாள். திரையில் எழுத்து வந்தது.

வருந்துகிறேன், அம்மா.

யாரோ சிரித்தார்கள். கட்டையான, வறண்ட ஒரு சிரிப்பு. அதைக் கேட்டு இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு தமிழர்கள் இருந்த பக்கம் முழுக்க அந்தச் சிரிப்பு ஓடியது.

முகிஷோ திரும்பி நடக்க வேண்டிய இடம் அது. அவர் திரும்பவில்லை. ஃபுராஹா மேடையின் விளிம்புக்கு வந்தாள். வேசத்தில் இருப்பதை மறந்து, பிரெஞ்சில் கேட்டாள்.

"எதற்குச் சிரிக்கிறீர்கள்? பிள்ளையைப் பறிகொடுத்தவள் நிற்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?"

மண்டபம் அடங்கியது. கொங்கோக்காரர்களும் தமிழர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் அக்னெஸ், பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னதைக் கேட்டு, கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"நான்தான் பிள்ளை சிரிச்சது" என்றாள் தமிழில். அவளுக்குப் பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும். பின்னால் திரும்பி மகளைத் தேடினாள். "பிரியா, நான் சொல்லுறதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லு."

பிரியந்தி எழுந்து நின்றாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"பிள்ளை, உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லை. அந்த ராசாவைப் பாத்துத்தான் சிரிச்சனான்."

பிரியந்தி அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"என்ர மகனை முகாமில விசாரணை எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். பேந்து ஆள் இல்லை."

"என் மகனை முகாமில் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவன் இல்லை" என்று பிரியந்தி சொன்னாள். டெனிஸ்டன் அவளுடைய தம்பி. போர் முடிந்த வருடம் அது நடந்தபோது அவள் மொன்ட்ரியாலில் இருந்தாள். தாய் தொலைபேசியில் சொன்னது மட்டும்தான் தெரியும். பத்து வருடத்துக்கு மேலாக அவள் யாருக்கும் அவனைப் பற்றிச் சொன்னதில்லை. இப்போது என் மகன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேட்டு அலைஞ்சு ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனன். அங்க ஒரு பெரியவர் இருந்தவர். நல்ல மரியாதையான மனுசன். எல்லாம் கேட்டுப்போட்டு, 'வருந்துகிறேன் அம்மா' எண்டார். இந்த ராசா சொன்ன மாதிரியே. சொல்லிப்போட்டு வெக்கைக்கு மேசையில சுத்திக்கொண்டிருந்த காத்தாடியைத் தன்ர பக்கம் திருப்பினவர். எனக்கு அண்டைக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை. இண்டைக்குச் சிரிச்சிட்டன். அவ்வளவுதான்."

பிரியந்தி வரி வரியாகச் சொன்னாள். காத்தாடியையும் விடவில்லை. அவளுடைய குரல் விசாரணை அறையில் இருப்பதைப் போலவே ஒரே சீராக இருந்தது. ஆனால் "எனக்கு அன்றைக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். ஒரு தரம் மூச்சை எடுத்துக்கொண்டு மறுபடி தொடக்கத்திலிருந்து அந்த வசனத்தைச் சொன்னாள். அக்னெஸ் அதைக் கவனித்தாள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

கொங்கோக்காரர்கள் பக்கமிருந்து ஒரு பெண் ஏதோ சொன்னாள். பலர் ஓம் என்பதுபோல முனகினார்கள். ஃபுராஹா அக்னெஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகிஷோவிடம் திரும்பிப் போனாள். அவர் முடியைத் தலையில் வைத்தபடி அதே இடத்தில் நின்றிருந்தார். அவள் நெருங்கி நின்று கேட்டாள்.

"ஹலாஃபு?"

அது நாடகத்தில் இல்லாத சொல். திரையில் போட பிரியந்தியிடம் எதுவும் இல்லை. கொங்கோக்காரர்கள் பக்கம் ஒருவர் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

முகிஷோவின் உதடு அசைந்தது. அவர் அந்த மற்றச் சொல்லைச் சொல்லப்போகிறார் என்று பிரியந்தி நினைத்தாள். அவர் சொல்லவில்லை. ஃபுராஹாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தினார். ராசா அப்படிச் செய்வதாக எழுதப்படவில்லை. பிறகு மேடையை விட்டுப் போனார். போகும்போது கால் ஒருமுறை இடறியது.

நாடகம் முடிந்ததும் நீக்கிலாப்பிள்ளையின் ஆட்கள் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். ஃபுராஹா வேச உடுப்போடேயே அக்னெஸின் பக்கத்தில் வந்து இருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அக்னெஸ் தன் தட்டில் இருந்த ஒரு ரோல்ஸை எடுத்து அவள் கையில் வைத்தாள். "உறைக்கும்" என்று சொன்னாள். பிரியந்தி மொழிபெயர்க்க முன்னமே ஃபுராஹா கடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இருவரும் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

"அந்தக் கந்தோர்க் கதையை எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று பிரியந்தி கேட்டாள்.

"என்னத்தைச் சொல்லுறது. அந்தாள் காத்தாடி திருப்பினதெல்லாம் ஒரு கதையே?"

"வேற எங்க எங்க போனனீங்கள்?"

அக்னெஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவோரத்தில் பனி கறுத்துக் கிடந்தது. "கன இடம்" என்றாள். பிறகு, "முதல்ல வவுனியாவுக்குப் போனனான்" என்று தொடங்கினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது அவள் இரண்டாவது இடத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரியந்தி மணியை அடிக்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் வரை போயிற்று. அங்கிருந்து இருவரும் வேறு பஸ் எடுத்துத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த நாள் தாழ்வாரத்தில் முகிஷோ கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"நேற்று நான் கெடுத்துவிட்டேனா?" என்று பிரியந்தி கேட்டாள்.

"நீங்கள் இல்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. நிசாமெஹே என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் உங்கள் அம்மாவுக்கு முன்னால் பொய் சொன்னதாக இருந்திருக்கும்." அவர் கோப்பியை ஊதினார். "ஃபுராஹா இரவு எனக்கு ஃபோன் எடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு."

"என்ன சொன்னா?"

"ராசா அந்தச் சொல்லைச் சொல்லத் தேவையில்லையாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் ஹலாஃபு என்று கேட்பாளாம். அதை எழுதி வைக்கச் சொன்னாள். நானூறு வருடமாக யாரும் கை வைக்காத காட்சி. எழுதிவிட்டேன்."

"ஹலாஃபு என்றால்?"

"பிறகு? அப்புறம்? இதற்குப் பிறகு என்ன? அவ்வளவுதான். பிள்ளைகள் கதை கேட்கும்போது கேட்பார்களே, அது."

இரண்டாவது மேடையேற்றம் வைகாசியில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கொங்கோவில் இருந்து வந்த குடும்பங்கள். தமிழ் எழுத்துக்குத் தேவை இருக்கவில்லை; பிரியந்தி பிரெஞ்சை மட்டும் ஓட்டினாள். "ஒருக்காப் பாத்தது காணும்" என்று அக்னெஸ் வரவில்லை. ஆனால் ஃபுராஹாவுக்கென்று ஒரு பெட்டி ரோல்ஸ் கொடுத்துவிட்டிருந்தாள், உறைப்பைக் குறைத்து.

புதிய முடிவின்படி ராசா மேடையிலிருந்து இறங்கிச் சனத்துக்கு நடுவால் வெளியே போக வேண்டும். "போலே, மாமா" என்று முகிஷோ சொன்னபோது இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஃபுராஹா, "ஹலாஃபு?" என்றாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு படியால் இறங்கினார். நடுவழியில் இருந்த ஒரு வயதான மனிதர் தன் காலை மடக்கி வழிவிடாமல், முகிஷோவை நிமிர்ந்து பார்த்து, "ஹலாஃபு?" என்று கேட்டார். அடுத்த வரிசையில் ஒரு பெண்ணும் கேட்டாள். பிறகு மண்டபமே கேட்டது. கோபமாக அல்ல, பதிலுக்காக. ராசா வழியில் நின்றார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நெற்றியில் இருந்து வியர்வை வழிந்து காதோரம் இறங்கியது.

மேடையில் ஃபுராஹா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

திரையில் இன்னும் ராசாவின் கடைசிப் பிரெஞ்சு வரி கிடந்தது. பிரியந்தி அதை அழித்தாள்.